ஆராய்ச்சி நிதி வாங்கித் தருகிறோம் என்று கூப்பிட்டால் பணம் கட்டாதீர்கள்

கல்லூரி ஆசிரியர்களுக்கு, முக்கியமாக சுயநிதிக் கல்லூரிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பதிவு. "எக்ஸ்டர்னல் ஃபண்டிங் வாங்கித் தருகிறோம், ப்ரபோசல் எழுதுவதிலிருந்து சாங்ஷன் ஆர்டர் வரை எங்கள் பொறுப்பு" என்று வாட்ஸப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. அதை நம்பி 18,000 ரூபாய் கட்டினேன். கைக்கு வந்தது யாருக்காகவோ எப்போதோ எழுதிய ப்ரபோசல், அதாவது நிதி கேட்டு அனுப்பும் ஆராய்ச்சித் திட்ட விண்ணப்பம். பணம் இன்னும் திரும்பவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. அவர்கள் ஏற்கனவே வேறு பெயரில் கடை விரித்துவிட்டதாகக் கேள்வி. அதனால் பெயரைவிட, அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு அதிகம் உதவும்.

முதலில், படித்தவர்கள் ஏன் இதில் போய் விழுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் 'நாக்' (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் ஆராய்ச்சியும் ஓர் அளவுகோல். வெளியிலிருந்து எவ்வளவு நிதி கொண்டுவந்தீர்கள் என்பதற்குத் தனியாக மதிப்பெண் உண்டு. மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்ஐஆர்எஃப்பிலும் இதே கேள்வி வரும். அது அப்படியே நிர்வாகத்திலிருந்து முதல்வருக்கு, முதல்வரிடமிருந்து துறைத்தலைவருக்கு, அங்கிருந்து நம் தலைக்கு வந்து சேரும். "இந்த வருஷம் டிபார்ட்மென்டுக்கு ஒரு ப்ராஜெக்டாவது வேணும்" என்பார்கள். வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்குக் குறையாத வகுப்பு, அட்மிஷன் சமயத்தில் ஊர் ஊராகப் போய் மாணவர் சேர்ப்பு, இதற்கு நடுவில் ஒரு கண்டக்டிவிட்டி மீட்டர்கூட ஒழுங்காக வேலை செய்யாத ஆய்வகம். ப்ராஜெக்ட் எங்கிருந்து வரும்? இந்த நெருக்கடியைத்தான் அவர்கள் காசாக்குகிறார்கள்.

ஆரம்பம் 500 ரூபாயில். "வெளிநிதி பெறுவது எப்படி" என்று ஒரு நாள் ஆன்லைன் பயிலரங்கு, முடிவில் ஈ-சர்ட்டிஃபிகேட். சான்றிதழ் அப்ரைசலுக்கு ஆகுமே என்று எங்கள் கல்லூரியிலிருந்து பலர் சேர்ந்தோம். பேசியவர் டைகட்டி, சரளமாகத்தான் பேசினார். ஆனால் அவர் போட்ட ஸ்லைடுகளில், ஆராய்ச்சிக்கு நிதி தந்துவந்த செர்ப் என்ற மத்திய அரசு அமைப்பின் திட்டங்கள் வரிசையாக இருந்தன. செர்ப் இப்போது இல்லை. 2023-இல் நிறைவேறிய சட்டப்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம், அதாவது ஏஎன்ஆர்எஃப், 2024 பிப்ரவரி 5 முதல் நடைமுறைக்கு வந்து, செர்ப் அதற்குள் போய்விட்டது. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) எப்போதோ நிறுத்திவிட்ட மைனர் ப்ராஜெக்ட் என்ற சிறு ஆராய்ச்சித் திட்டமும் அந்தப் பட்டியலில் "ஓப்பன் கால்", அதாவது இப்போது விண்ணப்பிக்கலாம் என்று மின்னியது. இதை ஒருவர் சாட்டில் கேட்டார். "நல்ல கேள்வி சார், பர்சனலா பேசலாம்" என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

நான் ஆராய்ச்சி செய்வது சாயக் கழிவுநீரில். அடுத்த வாரமே தொலைபேசி. "மேடம், உங்க ஏரியா டை எஃப்ளூயன்ட்தானே? இப்ப அதுக்கு நல்ல மார்க்கெட். எக்ஸ்பர்ட் கமிட்டில நமக்கு ஆள் இருக்காங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், சிவி மட்டும் அனுப்புங்க." கட்டணம் 18,000. சாங்ஷன் ஆனால் மொத்தத் தொகையில் பத்து சதவீதம் தனியாக. ரசீது கேட்டேன், பணம் வந்ததும் தருவதாகச் சொன்னார்கள். யூபிஐயில் அனுப்பியபோது திரையில் வந்தது ஒரு தனிநபரின் பெயர். அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவர் என்றார்கள். ரசீது வரவேயில்லை, ஜிஎஸ்டி எண்ணும் கிடையாது.

ப்ரபோசல் வந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கைக்கு வருவதையும் இப்படித்தான் சோதிக்க வேண்டியிருக்கும்.

தலைப்பு என்னவோ நொய்யல் ஆறுதான். திருப்பூர்ச் சாயக் கழிவுநீர், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, பட்டறைகளுக்குக் கட்டாயமான பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றம் (கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்பது), எல்லாம் முன்னுரையில் சரியாக இருந்தது. அப்புறம் வேலைத்திட்டத்துக்குப் போனால், ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் மாதிரி எடுத்துக் குரோமியத்தின் அளவைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறது! குரோமியம் தோல் பதனிடும் தொழிலின் தலைவலி, பாலாற்றின் கதை. நொய்யலில் எங்கள் பிரச்சினை உப்பு. சாயம் துணியில் ஏற வேண்டும் என்று மூட்டை மூட்டையாகக் கொட்டும் உப்பும், துணியில் ஒட்டாமல் நீரோடு போகும் ரியாக்டிவ் சாயமும்தான். பாலாற்றை எடுத்து நொய்யல் என்று மாற்றியவர், ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போடும்போது ஊர்ப்பெயர்களை மறந்துவிட்டார்.

பட்ஜெட்டைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. திட்டத்தில் வேலை செய்யும் இளநிலை ஆய்வாளருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 25,000 என்று போட்டிருந்தது. அது 2019 ஜனவரியில் 31,000 ஆகி, 2023 ஜனவரியில் 37,000 ஆகிவிட்டது. அதாவது இந்த ப்ரபோசல் எழுதப்பட்டது 2018-க்குப் பின்னால் இருக்க வாய்ப்பில்லை. "கன்சல்டன்சி" என்று தனியாக ஒரு தலைப்பு வேறு. அவர்களுடைய பத்து சதவீதத்துக்கு அங்கே இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

நம்மில் பலருக்கு இது புரிவதில்லை என்பதால் சொல்கிறேன். அரசு நிறுவனம் தரும் திட்ட நிதி நம் சொந்தக் கணக்குக்கு வராது, கல்லூரியின் கணக்கு வழியாகத்தான் வரும். ஆள் சம்பளம், ரசாயனம், கருவி, பயணம் என்று எந்தத் தலைப்பில் எவ்வளவு அனுமதித்தார்களோ அதற்குள்தான் செலவு செய்ய முடியும். வருட முடிவில், பணம் எதற்குச் செலவானது என்று ஜிஎஃப்ஆர் 12-ஏ என்ற அரசுப் படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு புரோக்கருக்குப் பத்து சதவீதத்தை எந்தத் தலைப்பில் காட்டுவீர்கள்? போலி பில் போட்டுத்தான். மாட்டினால் கையெழுத்துப் போட்ட திட்டத் தலைவர் நாம்தான். அந்தப் பத்து சதவீதத்துக்குப் பிணையாக, தேதி போடாத செக் ஒன்றைக் கையெழுத்திட்டு அனுப்பச் சொன்னார்கள். நான் தரவில்லை. தந்த ஒருவருக்கு இப்போது "செக்கை பேங்கில் போட்டுவிடுவோம், பவுன்ஸ் ஆனால் 138-இல் கேஸ்" என்று மிரட்டல் வந்துகொண்டிருக்கிறது. அவருக்கு சாங்ஷனே ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விண்ணப்பத் தளத்தின் லாகின், பாஸ்வேர்டையும் கேட்டார்கள். "அப்லோடிங் எங்க டீம் பண்ணிடும்" என்றார்கள். கூடவே முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட வெற்று லெட்டர்ஹெட் இரண்டு. அந்த லாகினுக்குள் நம் முழு விவரமும் இருக்கிறது. அதைவிட, விண்ணப்பத்தோடு நாம் ஓர் உறுதிமொழி தருகிறோம்: இது என் சொந்த எழுத்து, கருத்துத் திருட்டு இல்லை என்று. பாலாற்று ப்ரபோசல் அந்த உறுதிமொழியோடு என் பெயரிலும் என் கல்லூரி முத்திரையிலும் போயிருந்தால், 18,000 ரூபாய் போனது பெரிய விஷயமாகவே இருந்திருக்காது.

இதற்கிடையில் பயிலரங்கு வாட்ஸப் குழுவில் பழக்கமான தென்மாவட்ட ஆசிரியர் ஒருவர், தனக்கு வந்ததைப் படம் எடுத்து அனுப்பினார். தலைப்பில் தாமிரபரணி. உள்ளே அதே வேலைத்திட்டம், அதே ஆம்பூர், அதே ராணிப்பேட்டை, அதே 25,000. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். அவரையும்தான். பிறகு கூப்பிட்டால் "டெம்ப்ளேட் மேடம் அது, நீங்கதான் டெக்னிக்கல் கரெக்ஷன் பண்ணிக்கணும்" என்று ஒரு பெண் சொன்னார். "சிவி மட்டும் அனுப்புங்க" என்று சொன்ன அதே எண்.

இதே கூட்டத்தின் இன்னொரு சரக்கு வெளிநாட்டு அறக்கட்டளை நிதி. எங்கள் கல்லூரியிலேயே ஆங்கிலத் துறையில் ஒருவருக்கு, ஐரோப்பாவில் இருப்பதாகச் சொல்லும் ஓர் அறக்கட்டளையிடமிருந்து 12 லட்சம் ஒதுக்கியிருப்பதாகத் தங்க முத்திரையெல்லாம் வைத்துக் கடிதம் வந்தது. "பரிமாற்றக் கட்டணம்" 45,000 கட்டினால் அவருடைய சொந்தக் கணக்குக்கே பணம் வந்துவிடுமாம். நல்லவேளை, கட்டுவதற்கு முன்னால் எங்கள் அலுவலகக் கணக்காளரிடம் காட்டினார். அண்ணன் கடிதத்தை இரண்டு வரி படித்துவிட்டு, "எஃப்சிஆர்ஏ இல்லாம நம்ம காலேஜுக்கு வெளிநாட்டுப் பணம் எப்படிம்மா வரும்?" என்று கேட்டார். விஷயம் முடிந்தது. எஃப்சிஆர்ஏ என்பது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010. அதன்படி, எங்களுடையதைப் போன்ற அறக்கட்டளைக் கல்லூரி அப்படிப்பட்ட பணத்தை வாங்க வேண்டுமானால் மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய இடம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள எஃப்சிஆர்ஏ கணக்கு. ஆங்கிலப் பேராசிரியரின் சேமிப்புக் கணக்குக்கு நேராக வந்து விழாது.

கமிட்டியில் ஆள் இருக்கிறார் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ப்ரபோசலின் மதிப்பீட்டாளர் யார் என்பதை நிதி தரும் நிறுவனங்கள் பொதுவாக விண்ணப்பதாரருக்குச் சொல்வதில்லை. சொல்கிறவர் பொய் சொல்கிறார். ஒருவேளை அது உண்மையாகவே இருந்தால் அதற்குப் பெயர் லஞ்சம், அதில் நீங்களும் ஒரு பங்காளி. இரண்டில் எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

அப்புறம், இவர்கள் "சீக்ரெட்" என்று விற்பது எல்லாமே ஏற்கனவே பொதுவில் கிடக்கிறது. ஏஎன்ஆர்எஃப் அறிவிப்புகள் அவர்களுடைய தளத்திலேயே வழிகாட்டி நெறிமுறை, மாதிரிப் படிவத்தோடு இருக்கின்றன. கல்லூரி ஆசிரியர்களுக்காகவே டேர் என்று ஒரு திட்டம் உண்டு. வேலையை விடாமல், ஐஐடி போன்ற ஓர் இடத்தில் பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்யலாம். கருவி இல்லாத எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு என் கணக்கில் இதுதான் பொருத்தமானது. அங்கே ஒரு பேராசிரியர் சம்மதிக்க வேண்டும், அதற்கு மின்னஞ்சல் எழுதினால் போதும், புரோக்கர் தேவையில்லை. சமூக அறிவியலுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர், வரலாற்றுக்கு ஐசிஎச்ஆர், மருத்துவம் சார்ந்ததற்கு ஐசிஎம்ஆர். தமிழ்த்துறை நண்பர்கள் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் குறுங்காலத் திட்ட அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். மாணவர் திட்டங்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் சிறு தொகைகள் தருகிறது. தொகை சின்னதுதான், ஆனால் பட்ஜெட் போட்டு, செலவு செய்து, கணக்கு ஒப்படைக்கிற பழக்கம் அங்கேதான் வரும். எங்கேனும் விண்ணப்பக் கட்டணம் உண்டு என்றால் அறிவிப்பிலேயே எழுதியிருப்பார்கள், அதுவும் அந்த நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போகும். யாரோ ஒருவரின் யூபிஐ எண்ணுக்குப் போகாது.

காசு வாங்கிக்கொண்டு ப்ரபோசலைத் திருத்திக் கொடுக்கிற எல்லாரும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. மொழி திருத்தம் நேர்மையான வேலை. பக்கத்துக்கு இவ்வளவு என்று பில்லோடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சாங்ஷன் நிச்சயம் என்று வாயைத் திறந்ததும் ஃபோனை வைத்துவிடுங்கள், அவ்வளவுதான் சொல்ல வருவது.

பணம் போய்விட்டது என்றால், உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் அந்தக் கணக்கில் பணம் இருக்கும்போதே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். எனக்கு ப்ரபோசல் வந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது, அதற்குள் கணக்கு காலி. எங்கள் ஊர் சைபர் பிரிவில், "ஏதோ ஒரு ஃபைல் குடுத்திருக்காங்களே, இது சர்வீஸ் குறைபாடுதானே மேடம்" என்றார்கள். புகாரை ஏற்று ஒப்புகை தந்தார்கள், அது போதும் என்று அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. அவர்களுடைய விளம்பரத்தில் இருந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ், அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. அந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன், ஆணையத்தில் அதுவும் ஓர் ஆவணம்.

ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து ஒரே மனுவாகப் போட நுகர்வோர் சட்டத்தில் வழி இருக்கிறது. தாமிரபரணி ஆசிரியர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். உங்களுக்கு வந்த ப்ரபோசலைத் திறந்து ஆம்பூர், ராணிப்பேட்டை, 25,000 என்று தேடிப் பாருங்கள். மூன்றும் இருந்தால் யூபிஐ பரிவர்த்தனை எண், வாட்ஸப் உரையாடல் எக்ஸ்போர்ட், வந்த ஃபைல் மூன்றையும் அழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அவர்களிடம் லாகின் கொடுத்திருந்தால், எனக்கு எழுதுவதற்கு முன்னால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். உங்கள் பெயரில் ஏதாவது சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். இருந்தால் முதல்வர் கையெழுத்தோடு திரும்பப் பெறும் கடிதம் அன்றைக்கே போகட்டும்.