தொடக்கத்துல ஒண்ணு, முடிவுல ஒண்ணு

காரைக்குடி பக்கம் எந்த விழான்னாலும் முதல்ல தமிழ்த்தாய் வாழ்த்து, கடைசியில ஜன கண மன. ரெண்டையும் சின்ன வயசுலேருந்து மனப்பாடமா பாடுறோம், ஆனா பக்கத்துல பக்கத்துல வச்சு அர்த்தம் பார்த்தா அவ்ளோ அழகு.

ஜன கண மன, தாகூர் வங்காளத்துல எழுதுனது, 1911 டிசம்பர் 27 கல்கத்தா காங்கிரஸ்ல முதல்ல பாடுனாங்க, 1950 ஜனவரி 24 அன்னிக்கு தேசிய கீதம் ஆச்சு. மொத்தம் அஞ்சு பத்தி, நாம பாடுறது முதல் பத்தி மட்டும்தான், 52 செகண்ட். நீராருங் கடலுடுத்த அதுக்கும் முன்னாடியே, 1891ல வந்த மனோன்மணீயம் நாடகத்துல சுந்தரம் பிள்ளை எழுதுனது. எம்.எஸ்.விஸ்வநாதன் இசை, மோகன ராகம், 55 செகண்ட். 2021லதான் மாநிலப் பாடல்னு அறிவிச்சாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது, 'திராவிட'ங்கிற வார்த்தை ரெண்டுலயுமே இருக்கு. தாகூர் பஞ்சாப், சிந்து, குஜராத்னு வரிசையா சொல்லிக்கிட்டே வந்து நம்மளையும் ஒரு ஊரா சேர்க்குறாரு, சுந்தரம் பிள்ளையோ பூமியையே கடலை சேலையா கட்டுன பொண்ணாக்கி, பாரதம் அவ முகம், தெக்கணம் பிறை நெத்தி, திராவிடம் அதுல வச்ச திலகம்னு வரைஞ்சே காட்டிடுறாரு. எங்க அப்பத்தாகிட்ட இதை விளக்கி சொன்னப்ப "அட, நெத்திப் பொட்டா நாம"ன்னு பூரிச்சுப் போச்சு.

தேசிய கீதம் கேட்டா மனசு தானா நிமிருது, ஆனா கவிதைன்னு பார்த்தா என் ஓட்டு நீராருங் கடலுடுத்தவுக்குத்தான்.