பால் லேட்டா வந்துச்சு, டபுள் பம்ப் கைகுடுத்துச்சா? ஆறு வாரம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

சிசேரியன் ஆகி நாலு நாள் வரைக்கும் எனக்கு மார்பு கனக்கவே இல்ல. பாப்பா வாய் வச்சு ரெண்டு நிமிஷம் சப்பிட்டு வீல்னு அழுவா, நானும் கூட சேர்ந்து அழுவேன். பொறந்த எடையில 9 சதவீதம் கொறஞ்சுடுச்சுன்னு டாக்டர் சொன்னதும் டாப் ஃபீட் (மார்புல குடிக்கறதுக்கு மேல தனியா குடுக்கற பால்) ஆரம்பிச்சோம், அன்னிக்கு சாயங்காலமே வீட்டுக்காரர் ரெண்டு மார்புலயும் ஒரே நேரத்துல பால் எடுக்கற இந்த டபுள் எலக்ட்ரிக் பம்ப்ப வாங்கிட்டு வந்துட்டார். இப்ப இதே நெலமையில ராத்திரி மூணு மணிக்கு போன்ல ரிவ்யூ தேடிட்டு இருக்கீங்கன்னா உங்களுக்காகத்தான் இது.

முதல்ல ஒண்ணு, பம்ப் வந்தா பால் உடனே வந்துடும்னு நெனச்சுடாதீங்க. நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் உடம்புல புரோஜெஸ்டிரோன்ங்கற ஹார்மோன் இறங்கும், அதுக்கப்புறம்தான் பால் நல்லா ஊற ஆரம்பிக்கும், பொதுவா ரெண்டுல இருந்து நாலு நாள் ஆகும். 72 மணி நேரம் தாண்டிடுச்சுன்னா லேட்டுன்னு சொல்றாங்க. சிசேரியன், முதல் பிரசவம், சுகர், ரத்தம் நெறய போறது, நஞ்சுக்கொடி துண்டு உள்ளயே தங்கிடுறது இப்படி பல காரணம் இருக்கு, அதனால டாக்டர்கிட்ட கேக்காம பம்ப்ப மட்டும் நம்பி உக்காராதீங்க. எனக்கு மொத நாள் பம்ப் போட்டப்ப பாட்டில் ஓரத்துல ஈரம் மட்டும்தான் இருந்துச்சு, ஆனா நர்ஸ் சொல்லிக்குடுத்த மாதிரி கையால மெதுவா அமுக்கி எடுத்தப்ப ஸ்பூன்ல மஞ்சளா பிசுபிசுன்னு சீம்பால் சொட்டு சொட்டா விழுந்துச்சு. சீம்பால் கெட்டியா கொஞ்சமா இருக்கறதால அந்த நாள்ல மெஷின விட கைதான் பெஸ்ட்.

இப்ப பம்ப்போட பெரிய குறைக்கு வரேன். பாக்ஸ்ல 24 எம்எம் ஃப்ளாஞ்ச் (மார்புல வைக்கற புனல் மாதிரி பாகம்) மட்டும்தான் குடுத்திருந்தாங்க. போட்டா காம்பு மட்டும் இல்லாம சுத்தி இருக்க கருப்பு பகுதியும் சேர்ந்து குழாய்க்குள்ள போகும், எடுத்து பாத்தா செவப்பா வளையம் மாதிரி தடம், வலி வேற தாங்கல. நான் என்ன பண்ணேன், சக்‌ஷன் பத்தலன்னு நெனச்சு இன்னும் கூட்டி வச்சேன், அது சுத்த தப்பு, வலிச்சா பால் இறங்குறதே தடைபடும். அப்புறம் பாலூட்டும் ஆலோசகர் ஒருத்தங்க வந்து ஸ்கேல வச்சு காம்ப அளந்து 16 எம்எம்தான்மா இருக்கு, 19 போடுங்கன்னாங்க. மாத்தின அன்னிக்கே ரெண்டு பக்கமும் சேர்த்து 15 எம்எல் வந்த எடத்துல 40 எம்எல் வந்துச்சு, பாட்டில கைல வச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். இந்த அளவு விஷயத்த மேனுவல்ல ஒரு வரி கூட சரியா எழுதல, எனக்கு அதுலதான் ரொம்ப கோபம்.

அவங்களே லாட்ச்சையும், அதாவது பாப்பா மார்ப வாயில பிடிக்கற விதத்தையும், சரி பண்ணிவிட்டாங்க, நெசமா சொல்லணும்னா பாதி புண்ணியம் அவங்களுக்குத்தான். ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவ பாப்பாவ போடணும், குடிச்சு முடிச்சதும் 10, 15 நிமிஷம் பம்ப். தெனம் ஒரு தடவ பவர் பம்பிங், அதாவது 20 நிமிஷம் பம்ப் 10 நிமிஷம் ரெஸ்ட், திரும்ப 10 பம்ப் 10 ரெஸ்ட் 10 பம்ப். மார்பு காலியாக ஆகத்தான் உடம்பு அடுத்து ஊற வைக்கும், ராத்திரி பால் சுரக்க வைக்கற புரோலாக்டின் ஹார்மோன் அதிகமா இருக்கும்ங்கறதால தூக்கம் போனாலும் ராத்திரி ஒரு தடவையாவது எடுத்துடுவேன். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஓடுறதுனால நேரம் பாதியாச்சு, அதுக்காகவே டபுள்தான் வாங்கணும்பேன்.

நல்லதுன்னா க்ளோஸ்டு சிஸ்டம், பால் டியூபுக்குள்ள ஏறாது. சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, பக்கத்துல தூங்குற பாப்பா நெளிவா. நாலாவது வாரம் திடீர்னு பால் கொறஞ்சு போச்சேன்னு பதறிட்டேன், பாத்தா பம்ப்ல இருக்க சின்ன ரப்பர் வால்வோட வாய் லேசா கிழிஞ்சிருக்கு, புதுசு போட்டதும் சரியாயிடுச்சு.

பம்ப்ல வர்ற அளவ வச்சு எனக்கு பாலே இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, பாப்பா நல்லா பிடிச்சு நேரா குடிக்கறப்ப பொதுவா அதவிட அதிகமா எடுப்பா. அஞ்சாவது நாளுக்கப்புறம் ஒரு நாளைக்கு ஆறு டயப்பராவது நனையுதா, எடை ஏறுதான்னு பாருங்க. நனையல, பாப்பா எந்திரிக்கவே மாட்டேங்கறா, சோர்ந்து கெடக்கறான்னா உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். எங்களுக்கு ராத்திரி ஒரு டாப் ஃபீட் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, நிறுத்தணும்னு அவசரமும் இல்ல. வாங்குறவங்க காம்ப அளந்துட்டு சரியான ஃப்ளாஞ்ச்சும் ஸ்பேர் வால்வும் சேர்த்தே ஆர்டர் போட்டுடுங்க.