வாக்குப்பதிவு இயந்திரம்: மெஷினுக்கு நாலு ஸ்டார், சர்வீஸுக்கு இரண்டு

மூன்று தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தவன் நான். அதனால் இந்தப் பொருளைப் பற்றி எழுத ஓரளவு தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். தயாரிப்பு பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஹைதராபாத் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன், இரண்டும் பொதுத்துறை. ஒரு செட்டில் மூன்று உருப்படி: என் மேஜைப் பக்கம் ஓட்டுக் கணக்கு வைக்கும் கன்ட்ரோல் யூனிட், மறைப்புக்குள் வாக்காளர் பட்டன் அமுக்கும் பேலட் யூனிட், அதன் பக்கத்தில் யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு அச்சடித்துக் காட்டும் விவிபேட்.

மெஷின் நல்ல மெஷின், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் கவலையில்லை, நெட் இணைப்பும் கிடையாது. காலை ஐந்தரை மணிக்குக் கட்சி ஏஜென்ட்டுகளை உட்கார வைத்து, குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, விவிபேட் சீட்டுகளோடு ஒப்பிட்டு, கணக்கை அழித்துவிட்டு, அந்தச் சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு சீல் வைப்போம். அந்தக் கணக்கை அழிக்கும் பட்டனை மறந்துவிட்டால் தொலைந்தோம், நாள் முழுக்க அடிவயிற்றில் இருக்கிற பயம் அது ஒன்றுதான்.

குறை என்றால் விவிபேட். சீட்டு ஏழே விநாடி தெரியும். பட்டனில் சின்னத்தைத் தேடி அமுக்கி, பீப் சத்தம் கேட்டு நிமிர்ந்து, பக்கத்துக் கண்ணாடியைப் பார்ப்பதற்குள் பல பெரியவர்களுக்குச் சீட்டு விழுந்துவிடுகிறது. ஒரு தடவை எங்கள் சாவடியில் அது மக்கர் செய்தது, மாற்று வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது, அதற்குள் வெளியே வரிசையில் "மெஷினையே மாத்திட்டாங்களாம்" என்று பேச்சுக் கிளம்பிவிட்டது.

வேறு சின்னம் அச்சாகிறது என்று வாக்காளர் புகார் சொன்னால் அதற்கு 49எம்ஏ என்று ஒரு விதி இருக்கிறது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், எல்லோர் முன்னாலும் ஒரு சோதனை ஓட்டுப் போட வேண்டும், புகார் பொய் என்று ஆனால் தண்டனை, ஜெயில்கூட உண்டு, இதை நானே அவரிடம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஒரு பெரியவரிடம் சொன்னேன். "அய்யா, எனக்குக் கண்ணு சரியில்ல, விடுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பொருளில் கோளாறு என்று சொல்ல வருகிற ஆளை முதலில் மிரட்டுகிற கடையை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இனி வாடிக்கையாளர்கள், அதாவது கட்சிகள். 1982-ல் கேரளாவின் பரவூரில் 50 சாவடிகளில் முதன்முதலாக மெஷினை வைத்தார்கள். தேர்தலுக்கு முன்பே மெஷின் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனவர் சி.பி.ஐ. வேட்பாளர் சிவன் பிள்ளை. 123 ஓட்டில் ஜெயித்தவரும் அவரே. உடனே தோற்ற காங்கிரஸ்காரர் ஏ.சி. ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார், சட்டத்தில் மெஷினுக்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாவடிகளின் தேர்தலை ரத்து செய்தது, அங்கே வாக்குச்சீட்டில் மறுவாக்குப்பதிவு நடந்து ஜோஸ் ஜெயித்தார். அன்றிலிருந்து இதே கதைதான். 2001-ல் வாக்குச்சீட்டு முறையே வேண்டும் என்று அ.தி.மு.க. சென்னை உயர் நீதிமன்றம் போனது, மனு தள்ளுபடி, அதே மெஷினில் ஜெயித்து ஜெயலலிதா முதல்வரானார். 2009-ல் தோற்றபின் சந்தேகம் பா.ஜ.க.வின் அத்வானிக்கு. ஆந்திராவில் 2019-ல் சந்திரபாபு நாயுடுவுக்கு, 2024-ல் ஜெகனுக்கு. 2017-ல் முடிந்தால் மெஷினில் கைவைத்துக் காட்டுங்கள் என்று தேர்தல் ஆணையம் கூப்பிட்டபோது வந்ததே இரண்டு கட்சிகள், தேசியவாத காங்கிரசும் சி.பி.எம்.மும், அவர்களும் கைவைத்துப் பார்க்கவில்லை.

ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் கூடம் கோணலா என்று நூல் பிடித்துப் பார்க்க விடுவதில் கடைக்காரருக்கு, அதாவது தேர்தல் ஆணையத்துக்கு, என்ன தயக்கம்? விவிபேட்டே சும்மா வந்துவிடவில்லை, சுப்பிரமணியன் சுவாமி வழக்குப் போட்டு 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வேகம் பிடித்தது. இப்போது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடியின் சீட்டுகளைத்தான் எண்ணுகிறார்கள், அதுவும் 2019-ல் எதிர்க்கட்சிகள் கோர்ட்டுக்குப் போய்க் கிடைத்தது, அதுவரைக்கும் ஒன்று. உச்ச நீதிமன்றத்தின் 2024 தீர்ப்புப்படி இரண்டாவது, மூன்றாவது இடம் வந்தவர்கள் ஏழு நாளுக்குள் எழுதிக்கொடுத்துப் பணம் கட்டினால் 5 சதவீத மெஷின்களைச் சோதிக்கலாம், முறைகேடு தெரிந்தால் பணம் வாபஸ். சோதிக்கப்போவது யார் என்றால், தயாரித்த கம்பெனியின் இன்ஜினியர்கள்! சர்வீஸுக்கு நான் இரண்டு ஸ்டாருக்கு மேல் போடாததற்குக் காரணம் இதுதான்.

வாரண்டி கார்டு மாதிரி ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது, 17சி படிவம். அந்த மெஷினில் மொத்தம் எத்தனை ஓட்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் நகல் தருவோம். எண்ணும் நாளில் கணக்கு இடித்தால் கேட்க கையில் இருக்கிற ஒரே காகிதம் அது. கடைசித் தேர்தலில் காலையில் ஆறு ஏஜென்ட்டுகள் இருந்தார்கள், பிரியாணிப் பொட்டலம் வந்தபோது ஏழு பேர், ராத்திரி சீல் வைத்து முடித்தபோது இரண்டு பேர். மீதி நகல்கள் மேஜையில் கிடந்தன. ரிசல்ட் வந்த அன்று, வாங்காமல் போனவர்களில் ஒருவர் எங்கள் தெரு டீக்கடையில் நின்று மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தார்.