விண்டோஸ், லினக்ஸ், மேக்: கோப்புகளைக் கொண்டுசெல்ல எந்த வழி?

விண்டோஸ் 11 கணினி ஒன்று, லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு ஓடும் மடிக்கணினி ஒன்று, பழைய மேக் ஒன்று என மூன்றும் ஒரே அறையில் இருக்கும்போது, அவற்றுக்கிடையே கோப்புகளைக் கொண்டுசெல்ல உண்மையில் போட்டியிடும் வழிகள் மூன்று: வெளி ஹார்ட் டிஸ்க் அல்லது பென்டிரைவ், உள்வலையில் பகிரப்படும் கோப்புறை, கணினிகளைப் பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் வழியாக அனுப்புதல். பலரும் இவற்றை வேகத்தால் மட்டுமே எடைபோடுகிறார்கள். கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள், வைத்த பெயர் வைத்தபடியே மறுமுனையில் போய்ச் சேருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

டிஸ்க் எளிய வழிதான். ஆனால் அதை எந்த முறையில் ஃபார்மேட் செய்கிறோம், அதாவது கோப்புகளை அடுக்கும் எந்த முறைக்குத் தயார் செய்கிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அம்முறைகளில் ஃபேட்32 எல்லா இயங்குதளங்களுக்கும் புரியும் என்றாலும் 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பை ஏற்காது. நீண்ட திருமண வீடியோ ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடும். விண்டோஸின் வழக்கமான முறையான என்டிஎஃப்எஸ் டிஸ்கை மேக் படிக்கும், கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. மிஞ்சுவது எக்ஸ்ஃபேட். 2019இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கருவகத்திலேயே அதற்கு ஆதரவு வந்துவிட்டதால், இன்று மூன்று தளங்களும் அதில் படிக்கவும் எழுதவும் செய்கின்றன. அதற்கும் குறைகள் உண்டு. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கை விண்டோஸில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்தால் கிளஸ்டர் அளவு, அதாவது ஒரு கோப்புக்கு ஒதுக்கப்படும் மிகச்சிறு இடம், வழக்கமாக 128 கேபி ஆகிறது. 2 கேபி உரைக்கோப்பும் அந்த 128 கேபி இடத்தை முழுதாகப் பிடித்துக்கொள்வதால், அத்தகைய கோப்புகள் 50,000 இருந்தால் 6 ஜிபிக்கு மேல் வீணாகும். யார் படிக்கலாம், எழுதலாம் என்ற லினக்ஸின் அனுமதிகளும், வேறு கோப்பைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகளும் அதில் தங்கா. மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் இல்லாததால், முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கினால் கோப்புகள் சிதையக்கூடும். லினக்ஸில் நகலெடுப்புப் பட்டை நிறைந்த பிறகும் தரவின் ஒரு பகுதி நினைவகத்திலேயே காத்திருக்கலாம் என்பதைப் பலர் பட்டுத்தான் அறிகிறார்கள். ஒரே ஒருமுறை பெருந்தொகையாகக் கொண்டுபோவதற்கு, சிறு கோப்புகளை டார் என்ற ஒற்றைக் கோப்புத் தொகுப்பாகக் கட்டி எக்ஸ்ஃபேட் டிஸ்கில் எடுத்துச் செல்வதையே நான் பரிந்துரைப்பேன்.

பகிர்ந்த கோப்புறை, அதாவது எஸ்எம்பி என்ற நெறிமுறை வழியிலான பகிர்வு, வீட்டில் மற்றவர்களும் பயன்படுத்துவதற்கு ஏற்றது. மறுமுனையில் இருப்பவர் எதையும் நிறுவாமல், எந்தக் கட்டளையும் தட்டாமல் கோப்புறையைத் திறந்துகொள்ளலாம். லினக்ஸ் பக்கம் அதற்கான சேவையைத் தருவது சாம்பா. ஜிகாபிட் கம்பி இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 110 எம்பி கிடைப்பதால் 100 ஜிபி கால் மணி நேரத்தில் போய்விடும்; ரவுட்டரின் துறை 100 மெகாபிட்தான் என்றால் அதே வேலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பேச்சுவார்த்தை நடப்பதால் இந்த வேகம் சரிந்துவிடுகிறது. பழைய எஸ்எம்பி1ஐ எந்தக் காரணத்துக்காகவும் திறந்துவிடக் கூடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

எஸ்எஸ்எச்சின் தோற்றமே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து 1995இல் டாட்டு யுலோனன் அதை எழுதினார். ஆகவே மறையாக்கம் அதில் பிறப்பிலேயே உண்டு. லினக்ஸிலும் மேக்கிலும் நெடுங்காலமாக இருக்கும் இது, 2018 முதல் விண்டோஸ் 10உடனும் வருகிறது. கட்டளைக்குத் தயங்குபவர்கள் வின்எஸ்சிபி அல்லது ஃபைல்சில்லாவைக் கொண்டு இரு பக்கக் கோப்புகளையும் அருகருகே பார்த்து நகர்த்தலாம். நாள்தோறும் மாறும் கோப்புறைகளுக்கு அதன் மேல் ஓடும் ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவிக்கு நிகரில்லை. மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும், இணைப்பு அறுந்தாலும் முடிந்த கோப்புகளை மறுபடி அனுப்பாது. விண்டோஸில் அது தானாக வராது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போன்ற ஒன்றை நாட வேண்டும் என்பதுதான் தடை. (சாம்பாவைத் தொடங்கியவரும் ஆர்சிங்க்கை உருவாக்கிய இருவரில் ஒருவரும் கான்பெராவில் பயின்ற ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்தான், போட்டியாளர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.)

மேகக் கிடங்கு ஒரே அறையில் இருக்கும் கணினிகளுக்குத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. உள்வலையில் கோப்பனுப்பும் லோக்கல்சென்ட் செயலி நாலைந்து படங்களுக்குப் போதும்.

இனிப் பெயர். விண்டோஸ் ஏற்காத முக்காற்புள்ளியையோ கேள்விக்குறியையோ லினக்ஸ் ஏற்கும். அப்படிப்பட்ட பெயர்களைச் சாம்பா விண்டோஸுக்குக் காட்டும்போது உருத்தெரியாத குறும்பெயராக மாற்றிவிடுகிறது. இது எல்லா மொழிக்கும் பொதுவான தொல்லை. தமிழுக்கென்றே உள்ள தொல்லை ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளில் இருக்கிறது. 'கோயில்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் துணைக்காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய மேக்குகளின் கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமிக்கிறது. லினக்ஸுக்கோ இவை வெவ்வேறு பைட்டுகள், ஆகவே வெவ்வேறு கோப்புகள். ஆர்சிங்க் பைட்டுகளை உள்ளபடியே அனுப்புவதால், ஒரே கோப்புறையில் இரண்டு 'கோயில்' வந்து நிற்கும். பெயரின் குறியாக்கத்தை மாற்றித் தரும் வசதி ஆர்சிங்க் 3.0 முதல் உண்டு. ஆனால் பல ஆண்டுகளாக மேக்குடன் வந்தது 2.6.9 என்பதால் புதியதைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

நீளமும் இடறும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒரு பெயரில் 255 குறிகளை ஏற்கிறது. உபுண்டுவின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 ஏற்பது 255 பைட்டுகளை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் அது 85 குறிகளோடு முடிந்துவிடும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஐம்பது எழுத்துகளை ஒட்டிய பெயரே விளிம்பைத் தொடும். 'கோ' சேர்ந்திருந்தால் 6 பைட், பிரிந்திருந்தால் 9. விண்டோஸில் கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்புப் பெயராக வைத்திருப்பவர்கள், டிஸ்கோ வலையோ எதைத் தேர்ந்தாலும், நகலெடுக்கும் முன் அந்தப் பெயர்களைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.