ஸ்பானிஷ் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் ‘பெதிர்’ சொல்லச் சொல்லுங்கள்

மத்ரித்துக்கு வேலை மாற்றலாகி வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு ஆன்லைன் ஸ்பானிஷ் வகுப்பில் 14,500 ரூபாய் கட்டினேன். ‘30 நாளில் சரளம், ஸ்பெயின் அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்’ என்று விளம்பரம். புகார் கொடுத்திருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. இந்த மாதிரிக் கடைகள் நிறைய இருக்கின்றன, அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் குறையில்லை. வணக்கம், எண்கள், கிழமைகள் என்று போனது. மூன்றாவது வாரம் நிகழ்கால வினைகள் வந்தன. வினையும் அங்கேதான் வந்தது.

ஸ்பானிஷில் சில வினைகளுக்கு விகுதி மட்டுமல்ல, பகுதியும் மாறும். நம் ‘வா’ என்பது ‘வருகிறேன்’ ஆகவில்லையா, அதுபோல. சிலவற்றில் ‘எ’ என்பது ‘இயெ’ ஆகும், சிலவற்றில் ‘ஒ’ என்பது ‘உவெ’ ஆகும், இன்னும் சிலவற்றில் ‘எ’ வெறும் ‘இ’ ஆகும். இவ்வளவும் ஆசிரியர் சரியாகத்தான் சொன்னார். அப்புறம் ஒன்று சொன்னார்: “யோ, அதாவது ‘நான்’, ராஜா. ராஜா மாற மாட்டார், மற்றவர்கள்தான் மாறுவார்கள்.” எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டோம். அவர்கள் அனுப்பிய பிடிஎஃப்பிலும் அப்படியேதான் இருந்தது: யோ கேரோ (எனக்கு வேண்டும்), யோ போதோ (என்னால் முடியும்), யோ பெதோ (கேட்கிறேன்). ‘நாம்’ என்பதற்கு நொசோத்ரோஸ் புவெதேமோஸ்.

உண்மை இதற்கு நேர் தலைகீழ். ‘நான்’ மாறும்: கியெரோ, புவெதோ, பிதோ. ‘நாம்’தான் மாறாது: கெரேமோஸ், பொதேமோஸ், பெதிமோஸ்.

இது தெரியாமல், வந்த முதல் வாரம் லவாபியெஸ் பகுதியில் ஒரு சின்ன பாரில் நின்று, “யோ பெதோ உன் கஃபே” என்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பெதோ என்றால் குசு. ‘நான் ஒரு காபி கேட்கிறேன்’ என்று நினைத்து நான் சொன்னது என்ன என்று நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் நல்ல மனிதர், காகிதத்தில் ‘பிதோ’ என்று எழுதிக் காட்டினார். (இங்கே யாரும் அப்படிச் சொல்லியும் காபி வாங்குவதில்லை. “மே போனெஸ் உன் கஃபே?”, அதாவது ‘எனக்கு ஒரு காபி போடுறீங்களா?’ என்கிறார்கள். கிட்டத்தட்ட நம்மூர் டீக்கடைப் பேச்சுதான். அதையும் வகுப்பில் சொல்லவில்லை.)

அன்றிரவு உட்கார்ந்து பிடிஎஃப்பை முழுக்கச் சரிபார்த்தேன். ‘போதோ’ என்பதும் இருக்கிற சொல்தான், ஆனால் ‘கிளை கழிக்கிறேன்’ என்று பொருள். நாளைக்கு வர முடியும் என்று வீட்டுக்காரம்மாவுக்கு அதற்கு முந்தின நாள்தான் அந்தச் சொல்லைப் போட்டுச் செய்தி அனுப்பியிருந்தேன். ‘கேரோ’ போர்த்துகீசியம்.

நமக்கென்றே இன்னொரு குழி இருக்கிறது. தமிழில் காபி வேண்டும் என்றாலும் ‘கேட்பது’தான், விலை என்ன என்றாலும் ‘கேட்பது’தான். ஸ்பானிஷில் ஒன்றைத் தரும்படி கேட்டால் பெதிர், விவரம் கேட்டால் பிரெகுந்தார். இரண்டாவதில் பகுதி மாறாது.

ஏன் மாறுகிறது என்பதை என்னோடு வேலை செய்யும் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அழுத்தம் பகுதியின் மேல் விழுந்தால் உயிரெழுத்து மாறும், விகுதிக்கு நகர்ந்தால் பழையபடியே இருக்கும். புவெதோ என்பதில் அழுத்தம் முன்னால், பொதேமோஸ் என்பதில் பின்னால். அவ்வளவுதான். ‘நான், நீ, அவர், அவர்கள்’ மாறும், ‘நாம், நீங்கள்’ மாறாது என்பதெல்லாம் இதன் விளைவு. ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை.

வகுப்புக்காரர்களுக்கு எழுதினேன். “மேடம், நாங்கள் சொல்லித்தருவது லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ்” என்று பதில் வந்தது. அரைகுறை உண்மை கலந்த பொய் இது, புதிதாகப் படிப்பவர் நம்பிவிடுவார். அர்ஜென்டினாவில் ‘நீ’ என்பதற்கு ‘வோஸ்’ என்று சொல்லி, ‘வோஸ் பொதேஸ்’ என்று மாற்றாமல் பேசுவது நிஜம்தான். அங்கேயும் காரணம் அதேதான், அழுத்தம் விகுதியில் விழுகிறது. ஆனால் ‘நான்’ என்று வந்தால் அங்கேயும் புவெதோ, பிதோதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ரெக்கார்டிங் பார்த்துவிட்டீர்கள், ரீஃபண்ட் கிடையாது.” சான்றிதழைப் பார்த்தால் ஸ்பெயின் கொடி ஒரு மூலையில், அவர்களே போட்ட முத்திரை இன்னொரு மூலையில். ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பெயரில் தரப்படும் ஸ்பானிஷ் மொழித்திறன் சான்றிதழான டெலெயை, அந்நாட்டு அரசின் மொழி, பண்பாட்டு நிறுவனமான இன்ஸ்டிடூட்டோ செர்வாந்தேஸ் நடத்தும் தேர்வை எழுதித்தான் வாங்க முடியும். ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலை, வாங்கினால் காலாவதி கிடையாது. டெல்லியில் அவர்களுக்கு மையம் இருக்கிறது. தனியார் வகுப்பு அந்தத் தேர்வுக்குத் தயார் செய்யலாம், சான்றிதழைத் தர முடியாது.

நீங்கள் சேரப் போகிறீர்கள் என்றால், டெமோ வகுப்பிலேயே ‘பெதிர்’ வினையை ஆறு வடிவத்திலும் சொல்லச் சொல்லுங்கள்: பிதோ, பிதேஸ், பிதே, பெதிமோஸ், பெதீஸ், பிதென். நடுவில் இரண்டு மட்டும் ஏன் மாறவில்லை என்று கேளுங்கள். “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணுங்க” என்றால் சரி என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டியுங்கள். சந்தேகம் வந்தால் ஸ்பானிஷ் மொழிக்கான அமைப்பான ரியால் அகாதெமியாவின் இணைய அகராதியில் வினையைத் தேடுங்கள், வடிவங்கள் முழுக்க இலவசமாகவே கிடைக்கும். மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். நான் கட்டினேன், ஆயிரம் ரூபாய் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகப் புகார் பதிவு செய்திருக்கிறேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ ரசீது, அந்தப் பிடிஎஃப் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். பணம் இன்னும் வரவில்லை. விளம்பரம் மட்டும் என் போனில் வந்துகொண்டே இருக்கிறது, இப்போது 21 நாளில் சரளமாம்.