டப்பாவின் மேல் 'அமெல் கார்ன்' என்று எழுதியிருந்தது

டெக்சாஸில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போன வருஷம் ஊர்வனச் சந்தையில் ஒரு பாம்புக்குட்டி வாங்கினார். டப்பாவின் மேல் மார்க்கரில் 'அமெல் கார்ன்' என்று கிறுக்கியிருந்தது. அதாவது கருநிறமே இல்லாத கார்ன் ஸ்நேக். கார்ன் ஸ்நேக் என்பது வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு. தாய் தகப்பன் எது என்று கேட்டதற்கு விற்றவர் உதட்டைப் பிதுக்கினாராம். வளர்ந்த பிறகு அது எதிர்பார்த்த சிவப்பாக இல்லை; மாம்பழச் சதை நிறத்தில் வெளிறிப்போய் இருந்தது. "சுத்தக் கார்ன்தானா, கலப்பா?" என்று கேட்டு ஒன்பது படங்கள் அனுப்பினார். படம் வேண்டாம், அது உரித்த சட்டையைக் கொண்டு வாருங்கள் என்றேன்.

பாம்புக் கலப்பு என்றதும் நம் ஆட்களுக்குச் சாரையும் நல்லபாம்பும் பிணையும் கதைதான் ஞாபகம் வரும். வரப்போரம் பின்னிக்கொண்டு நிமிர்பவை உண்மையில் இரண்டு ஆண் சாரைகள், நடப்பது மல்யுத்தம். சாரையும் நல்லபாம்பும் வேறு வேறு குடும்பம், கலக்க வழியில்லை. கார்ன் ஸ்நேக் விஷயம் அப்படி இல்லை. அமெரிக்காவில் அதன் நெருங்கிய சொந்தங்கள் பல உண்டு. கூண்டில் சேர்த்து வைத்தால் முட்டை பொரிகிறது. அந்தக் குட்டிகளும் பெரும்பாலும் மலடாக இருப்பதில்லை. சிக்கலே அங்கேதான்.

நண்பரின் பாம்புக்கு மூன்று சாத்தியங்கள். ஒன்று, சுத்தக் கார்ன். இரண்டு, அதன் நெருங்கிய சொந்தமான எமரி ரேட் ஸ்நேக்கின் ரத்தம் கலந்த 'க்ரீம்சிகிள்'. மூன்று, கலிஃபோர்னியா கிங் ஸ்நேக் கலந்த 'ஜங்கிள் கார்ன்'. (கிங் ஸ்நேக் என்றால் ராஜநாகம் அல்ல. இதற்கு விஷம் கிடையாது. இரண்டுக்கும் பொது, மற்ற பாம்புகளைத் தின்னும் பழக்கம்.)

மூன்றாவதை முதலில் எடுத்தேன், சோதிப்பது சுலபம் என்பதால். கார்ன் ஸ்நேக்கின் முதுகுச் செதில்களில் நடுவே மெல்லிய வரம்பு ஒன்று புடைத்திருக்கும். கிங் ஸ்நேக்கின் செதில் வழவழவென்று இருக்கும். மலவாயை மூடும் செதில் கார்னில் இரண்டாகப் பிளந்திருக்கும், கிங்கில் ஒற்றையாக இருக்கும். உடம்பின் நடுப்பகுதியில் குறுக்கே எண்ணினால் கார்னில் 27 வரிசை அல்லது அதற்கு மேலும், கலிஃபோர்னியா கிங்கில் 23 முதல் 25 வரையும் வருவது வழக்கம். சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தோம். ஈரத்தில் சுருண்டிருந்ததை விரல் நுனியால் பிரிக்கவே கால்மணி நேரம் ஆனது. முதுகெலும்பையொட்டிய வரிசைகளில் வரம்பு தெளிவாகத் தெரிந்தது. மூன்று தடவை எண்ணினோம்: 27, 28, மறுபடி 27. மலவாய்ச் செதில் பிளந்திருந்தது.

இதனால் கிங் அடியோடு அடிபட்டுப்போனது என்று சொல்ல மாட்டேன். கலப்புக் குட்டியிலும் பிளந்த செதில் வரலாம். இரண்டு தலைமுறை கார்னோடு மறுபடி சேர்த்துவிட்டால் கிங்கின் சாயல் கரைந்தே போகும். ஆனால் ஒற்றைச் செதில், வழவழ முதுகு, கழுத்தும் தலையும் ஒரே அகலம், கோணல்மாணலாக ஒட்டிக்கொண்ட பட்டைகள் என்று கிங்கின் அடையாளம் ஒன்றுகூட இல்லாதபோது அந்தப் பக்கம் போகக் காரணமில்லை.

மிச்சம் இரண்டு. இங்கே செதில் எண்ணிப் பயனில்லை, எமரியும் கார்னும் அவ்வளவு நெருக்கம். நீண்ட காலம் எமரியைக் கார்னின் துணையினமாகவே கணக்கு வைத்திருந்தார்கள். 2002-இல் பர்பிரிங்க் என்ற ஆய்வாளர்தான் தனி இனமாகப் பிரித்தார். அந்தப் பழைய கணக்குப்படி இதே க்ரீம்சிகிளை 'இரண்டு இனங்களின் கலப்பு' என்று சொல்லியிருக்க முடியாது. கார்ன் தென்கிழக்கு அமெரிக்காவில் ஆரஞ்சும் சிவப்புமாகத் திரிவது. எமரி நடுப்பகுதிச் சமவெளிகளில் சாம்பல் தரையும் பழுப்புத் திட்டுமாக இருப்பது. கார்னின் சிவப்பை எமரி ரத்தம் மங்கவைக்கும். அதில் கருமையையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இந்த வெளிறிய மாம்பழ நிறம்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். 'கேரமல்' ஜீன் உள்ள சுத்தக் கார்னிலும் சிவப்பு போய் மஞ்சள்தான் நிற்கும். அதோடு அமெலும் சேர்ந்தால் 'பட்டர்' என்பார்கள். வயிற்றைப் பார்க்கலாம் என்றால் அதிலும் பொறி இருக்கிறது. கார்னின் வயிறு சதுரங்கப் பலகை போலக் கட்டம் போட்டிருக்கும். கட்டம் இல்லை என்றதும் கலப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். 'மோட்லி' ஜீன் உள்ள சுத்தக் கார்னுக்கும் வயிறு வெறுமையாகத்தான் இருக்கும். நண்பரின் பாம்புக்கு மங்கிய ஆரஞ்சுக் கட்டங்கள் இருந்தன. முதுகில் பட்டருக்கு இருக்கக்கூடாத ஆரஞ்சும் இருந்தது. திட்டுகள் நெருக்கமாகவும் குறுகலாகவும் இருந்தன; அது எமரிப் பக்கம் சாய்கிறது. என் ஓட்டு க்ரீம்சிகிளுக்கு.

அப்படியானால் தகப்பனோ தாயோ எமரியா? அநேகமாக இல்லை. அமெல் ஒடுங்கு பண்பு, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். சாதாரண எமரியோடு அமெல் கார்னைச் சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்கப் பழுப்பாகத்தான் பொரியும். அதற்கு 'ரூட்பியர்' என்று பெயர். அந்த ரூட்பியரை மறுபடி அமெல் கார்னோடு சேர்த்தால், சராசரியாகப் பாதிக் குட்டிகள் கருமையில்லாமல் வரும். ஆகவே எமரி இருந்தால் அது பாட்டனோ பாட்டியோ, இல்லை அதற்கும் மேலே. நண்பர் கையில் இருப்பது முக்கால் பங்கு கார்னாக இருக்கலாம்.

டி.என்.ஏ பார்த்துவிடலாமே என்றார். சட்டையிலிருந்தே எடுக்கலாம்தான். அமெலுக்குக் காரணம் ஓ.சி.ஏ.2 என்ற நிற ஜீனுக்குள் செருகிக்கொண்ட ஒரு டி.என்.ஏ துண்டு என்று 2015-இல் ஜெனீவா ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் நிற ஜீன் சோதனை நிறத்தைத்தான் சொல்லும், வம்சத்தைச் சொல்லாது. மைட்டோகாண்ட்ரியா சோதனை இன்னும் மோசம்: தாய்வழி மட்டும்தான் அதில் தெரியும். தாயும் தாய்வழிப் பாட்டியும் கார்னாக இருந்தால், கலப்புப் பாம்பும் சுத்தக் கார்ன் என்று சான்றிதழ் வாங்கிவிடும். வம்சம் தெரிய வேண்டுமானால், தாய் தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் உட்கரு டி.என்.ஏவில் பல இடங்களை இரண்டு இனங்களின் மாதிரிகளோடும் ஒப்பிட வேண்டும். ஒரு வளர்ப்புப் பாம்புக்காக அவ்வளவு செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த வருஷம் ஒரு பெண் கார்ன் வாங்கி ஜோடி சேர்க்கும் யோசனை அவருக்கு இருந்தது. சேர்ப்பதானால் குட்டிகளைச் சுத்தக் கார்ன் என்று விற்கக்கூடாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். போன வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது கூண்டில் புதுச் சீட்டு ஒட்டியிருந்தது: "கார்ன் கலப்பு, எமரியாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை ஒரு எலி."