லைன்பேக்கரின் கவரேஜ்: பாஸர் ரேட்டிங்கா, ஸ்னாப்புக்கு எத்தனை யார்டா?

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) லைன்பேக்கர், அதாவது தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நிற்பவர், பாஸைத் தடுப்பதில் கெட்டிக்காரரா என்று பார்க்க, பலரும் எடுப்பது அவரைக் குறிவைத்து வீசிய பந்துகளின் பாஸர் ரேட்டிங்கைத்தான் (பந்து வீசுபவருக்கான மதிப்பெண்; தடுப்பவருக்கு அது குறைவாக இருந்தால் நல்லது). எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. மூன்றாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது), இன்னும் 10 யார்டு வேண்டும். குவார்ட்டர்பேக் (பந்து வீசுபவர்) வேறு வழியில்லாமல் பக்கத்தில் நிற்கும் சக வீரரான ரன்னிங் பேக்கிடம் பந்தைத் தட்டிவிட, லைன்பேக்கர் பாய்ந்து வந்து 4 யார்டிலேயே சாய்த்துவிடுகிறார். வேலை முடிந்தது, அடுத்து அநேகமாக பன்ட்தான் (பந்தை உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுவது). ஆனால் கணக்குப்படி அவர் விட்டுக்கொடுத்த ரேட்டிங் 83.3, அதே பந்து பிடிபடாமல் தரையில் விழுந்திருந்தால் 39.6. இது என்ன நியாயம்?

கவரேஜ் ஸ்னாப்புக்கு (அவர் பாஸைத் தடுக்க நின்ற ஒவ்வொரு ஆட்டத் துண்டுக்கும்) விட்ட யார்டு என்ற கணக்கு தேவலை. அங்கே அந்த 4 யார்டு வெறும் 4 யார்டுதான். அப்புறம், வீசப்படாத பந்துக்கும் மதிப்பு உண்டு. ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் லைன்பேக்கர் ஃபிரெட் வார்னர் நடுவில் ஆழமாக ஓடும் டைட் எண்டோடு (பாஸ் பிடிக்க ஓடும் எதிரணி வீரர்) ஒட்டியே ஓடுவார், குவார்ட்டர்பேக் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் வீசினால் ரேட்டிங்கில் அது பதிவே ஆகாது, இதில் ஒரு ஸ்னாப், 0 யார்டு என்று ஏறும்.

சரி, ஓட்டை இதிலும் உண்டு. ஸோன் கவரேஜில் (ஆளைத் துரத்தாமல் ஆளுக்கொரு பகுதியைக் காப்பது) பிடிபட்ட பந்தை யார் தலையில் எழுதுவது என்பது வீடியோ பார்த்துக் குறிப்பவரின் ஊகம்தான்.